கணப்பும் பக்கத்துச் சுவரும்

சுவரை முதலில் உடைத்தவன் நான்தான். ஆகவே பிறகு நடந்த எதற்கும் இன்னொருவரைக் கைகாட்ட முடியாது.

ஷெஃபீல்டில் நாங்கள் வாங்கியது 1890களில் கட்டிய வீடு. மலைச்சரிவில் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். கிள்ளானிலிருந்து போன எனக்கு அந்த வரிசையைப் பார்த்ததும் தாமான் வீடுகள் நினைவுக்கு வரவில்லை, லயம்தான் வந்தது. முன்னறையில் பொதுச்சுவரின் நடுப்பகுதி மட்டும் ஒன்றரை அடி அறைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் யாரோ பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தார்கள். தட்டிப் பார்த்தால் ஓரங்களில் கல்லின் சத்தம், நடுவில் டப்பாவின் சத்தம்.

"உள்ள கணப்பு இருக்கு," என்றாள் மனைவி.

கணப்பு என்ற சொல்லை நாங்கள் இருவரும் வாழ்க்கையிலிருந்து கற்றவர்கள் இல்லை. ருஷ்ய நாவல்களின் தமிழாக்கங்களிலிருந்து கற்றோம். வெளியே பனி பெய்யும், உள்ளே கணப்பு எரியும், யாராவது ஒருவர் அதன் முன் உட்கார்ந்து தன் வாழ்க்கையை முழுவதுமாக ஒப்புக்கொள்வார். மலேசிய வெயிலில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைப் படித்த ஒருவனுக்கு, சொந்தமாக ஒரு கணப்பு கிடைத்தால் என்ன செய்வான்? சுத்தியலை எடுப்பான்.

முதலில் பிளாஸ்டர் போர்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு காலத்தில் கேஸ் ஹீட்டர் இருந்ததற்கு அடையாளமாக முனையை அடைத்த செம்புக்குழாய். அதையும் தாண்டினால், ஒழுங்கில்லாமல் அடுக்கிய செங்கல். செங்கல்லை உருவியதும் மூன்றாக வெடித்த சுடுமண் பின்பலகை, அதற்கும் பின்னால் கட்டடத் தொழிலாளிகள் அள்ளிக் கொட்டிய இடிபாடு. இத்தனையும் எடுத்த பிறகுதான் வீடு கட்டியபோது விட்டிருந்த அசல் பொந்து தெரிந்தது. ஒரு சிறுவன் குனியாமல் நிற்கலாம். தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். மேலே இருந்து முதலில் இரண்டு சுள்ளி விழுந்தது. பிறகு ஒரு காக்கைக் கூடே விழுந்தது. ஒரு கூடு என்றா சொன்னேன்? நான்கு சாக்கு. தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கின்றன. அதோடு ஒரு வாளிப் புகைக்கரி, மெதுவாக, கறுப்புப் பட்டுத்துணி சரிவதைப்போல இறங்கி அறையெங்கும் படிந்தது. மூன்று நாள் மூக்கைச் சிந்தினால் கறுப்பு.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேஸ் கட்டணம்தான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு பிரிட்டனில் கட்டணம் ஏறிய வேகத்தில், அலுவலகத்தில் இரண்டு பேர் சந்தித்தால் விறகு அடுப்பைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் ஒழுங்காகக் கணக்குப் போட்டால் அந்தக் காரணம் நிற்காது. அடுப்பு, குழாய், கூலி எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் பவுன். விறகும் சும்மா கிடைக்காது. போட்ட முதலை எடுக்கப் பல வருடம் ஆகும். வீட்டில் நன்றாக வேலைசெய்யும் பாய்லரும் ஒவ்வோர் அறையிலும் ரேடியேட்டரும் இருந்தன. எனக்கு நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதை அப்படியே சொல்ல வெட்கமாக இருந்ததால் கட்டணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கார்பன் கணக்கைச் சொல்லியும் ஒளியலாம், மரம் வளரும்போது உறிஞ்சியதைத்தானே எரியும்போது திருப்பித் தருகிறது என்று. கடைக்காரர் அதைத்தான் சொன்னார். அந்தச் சுற்று முடிய ஒரு மரத்தின் ஆயுள் ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காஸ்தோன் பஷ்லார் 1938இல் நெருப்பைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். நெருப்பின் முன் தனியாக உட்காரும் மனிதனின் பகற்கனவைப் பற்றி அதில் நிறையப் பேசுகிறார். எனக்குப் பிடித்தது வேறோர் இடம். குழந்தைக்கு நெருப்பு முதலில் அறிமுகமாவதே ஒரு தடையாகத்தான் என்கிறார். சுடும் என்பது தெரிவதற்கு முன்பே தொடாதே என்பது தெரிந்துவிடுகிறது. என் விஷயத்தில் தடையின் பெயர் அகப்பை. காப்பாருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், ஆறு வயது வரை நான் வளர்ந்த லயத்தின் பின்கட்டில், அம்மாவின் மண் அடுப்பு இருந்தது. பால்மர விறகு. கிட்டே போனால் அகப்பைக் காம்பால் முட்டிக்கையில் ஒன்று விழும்.

வேலை நடக்கும் படங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னாய்யா அது, செவுத்துல ஓட்ட?"

"அடுப்பு வைக்கப் போறோம்மா. வெறகு அடுப்பு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேஸு இல்லையா அங்க?"

"இருக்கும்மா. இது சும்மா, குளிர் காய."

"நாங்க பட்டது பத்தாதா? காசு குடுத்து வேற வாங்குவியா?"

அம்மா கோபமாகப் பேசவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவருக்கு அடுப்பு என்பது காலையில் நாலரை மணிக்கு ஈரவிறகோடு போராடுவது. லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் புகைந்தால் நாலு வீட்டில் கண் எரியும். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் இன்று அடுப்பே எரியவில்லை என்பதெல்லாம் கூரைக்குக் கீழே எல்லாருக்கும் தெரியும். கிள்ளானில் தாமான் வீட்டுக்கு வந்து முதல் கேஸ் அடுப்பை வாங்கிய அன்று அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஆனால் இருமல் அவரோடு கூடவே குடிவந்துவிட்டது. பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டாராம். "நான் எங்க புகையப் புடிச்சேன், அதுதான் என்னப் புடிச்சிகிச்சி," என்று அம்மா சொல்ல, அவர் சிரித்திருக்கிறார். அம்மா இதை இன்றும் ஒரு நகைச்சுவையாகத்தான் சொல்வார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை எரிப்பதால் எழும் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்கள் கணப்பின் முன் கனவு கண்டவர்கள் அல்லர். சோறு ஆக்கியவர்களும், அவர்களின் இடுப்பில் இருந்த குழந்தைகளும். எனக்கு உறுத்திய விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. அம்மாவின் அடுப்பு ஏழ்மையின் அடையாளம். அதை ஒழிக்க அரசாங்கங்கள் திட்டம் போடுகின்றன. என் அடுப்பு ரசனையின் அடையாளம். உள்ளலங்காரப் பத்திரிகைகள் அதைப் படம் எடுத்துப் போடுகின்றன. இரண்டிலும் எரிவது மரம். இரண்டிலிருந்தும் வருவது இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய அதே துகள். நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலக்கக்கூடியது. நுரையீரலுக்கு அழகியல் தெரியாது.

புகைபோக்கிக்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இங்கிலாந்துக் கணப்பைப் பற்றி எழுதுவது நியாயமாகப் படவில்லை. பல வீடுகளின் புகைவழி ஒன்பது அங்குலச் சதுரம்தான். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அதைச் சுத்தம்செய்ய ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உள்ளே ஏற்றினார்கள். முழங்காலும் முழங்கையும் காய்த்துப்போகும்வரை ஏறவேண்டும். புகைக்கரிக்கும் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களின் விதைப்பைக்கு வந்த புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1775இலேயே பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவிட்டார். ஒரு தொழிலே புற்றுநோயைத் தரலாம் என்பதற்கு மருத்துவம் கண்ட முதல் சான்று அது. தெரிந்த பிறகும் நூறு வருடம் போனது. 1788இல் ஒரு சட்டம், 1834இல் ஒன்று, 1840இல் ஒன்று, யாரும் மதிக்கவில்லை. 1875இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த பிறகுதான், காவல்துறையின் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்று ஆனது. இத்தனைக்கும் நீளமான துடைப்பக் கருவி அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வந்துவிட்டது. பிள்ளைகள்தான் மலிவாகவும் நன்றாகவும் சுத்தம் செய்கிறார்கள் என்று நல்ல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருந்தன. என் வீடு 1875க்குப் பிறகு கட்டியது. அந்த ஆண்டை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். எதற்காகச் சரிபார்த்தேன் என்று நினைத்தால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அடுப்புப் பொருத்துபவர் வந்தார். புகைவழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பட்டாசுக் கடையில் விற்கும் பாம்பு மாத்திரை மாதிரி ஒன்றைப் பொந்துக்குள் பற்றவைப்பார்கள். அடர்ந்த புகை எழும். பொந்தை மூடிவிட்டு, மேலே வாய் வழியாக மட்டும் புகை போகிறதா, வேறெங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். "நீங்கள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள்," என்றார் என்னிடம்.

ஏன் பக்கத்து வீடு? இந்த வரிசை வீடுகளில் எங்கள் புகைவழியும் அவர்களுடைய புகைவழியும் பொதுச்சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி ஏறுகின்றன. கூரைக்கு மேலே ஒரே தூண். நடுவில் இருப்பது பாதிச் செங்கல் தடுப்பு, நான்கரை அங்குலம். நூற்றிமுப்பது வருடமாகப் புகையின் அமிலம் தின்ற சுண்ணாம்புச் சாந்து.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எண்பதை நெருங்கும் பெரியவர். மனைவி இல்லை. கிழக்கே ஒரு சுரங்கக் கிராமத்தில் பிறந்து, நிலக்கரிச் சுரங்கம் மூடும்வரை அதில் வேலைசெய்தவர். சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார். என்னை 'லேட்' என்று கூப்பிடுவார், யார்க்‌ஷயர்ப் பேச்சில் பையனுக்கான சொல். நான் அதைத் 'தம்பி' என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் அவருடைய படுக்கையறைக்குப் போய் நின்றோம். அங்கேயும் அடைத்துப்போட்ட ஒரு சின்னக் கணப்பு. அதன் நடுவில் காற்றுக்காக வைத்த ஓட்டைத் தகடு. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு தகட்டின் வழியாக, ஊதுபத்திக்கு எழுவதுபோல ஒரு வெள்ளை இழை வந்தது. பின் இன்னொன்று. அவருடைய கட்டிலிலிருந்து நாலடி தூரம்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. அடுப்பை வாங்கிப் பொருத்தி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எரித்திருந்தால்? வருவது வெறும் புகையாகக்கூட இருக்காது, கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணம் கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாது.

பெரியவர் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இந்தச் சுவர்ல புகை வந்து எத்தனை வருசம் ஆச்சு, தம்பி," என்றார்.

அதற்கு வழி இருந்தது, செலவானாலும். புகைவழியின் உச்சியிலிருந்து கீழ்வரை வளையக்கூடிய எஃகுக் குழாயை இறக்கினார்கள். இரட்டைத் தோல், 125 மில்லிமீட்டர் விட்டம். அடியில் பொந்தை மூட ஒரு தகடு, அதன் நடுவே குழாய், குழாயின் முனையில் அடுப்பு. அடுப்புக்குக் கீழே எரியாத கல்தளம், கதவுக்கு முன்னால் குறைந்தது 225 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், தெறிக்கும் கங்குக்காக. அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஐந்து கிலோவாட்டுக்குள் இருந்ததால் சுவரில் தனிக் காற்றுவழி வேண்டாம் என்றார், இந்தப் பழைய வீட்டின் ஓட்டைகளே போதுமாம். மறுபடி சோதனை செய்தபோது பெரியவரின் தகட்டில் ஒன்றும் வரவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடத் தோன்றியது. சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டப்படி என் வேலை முடிந்தது.

முடிந்ததா என்பதுதான் என் கேள்வி. பாதிச் செங்கல் சுவர் வழியாக நாலடியில் ஒருவரின் கட்டிலுக்குப் போன புகையைக் கண்ணால் பார்த்தபோது நான் பதறினேன். அதே புகையை இருபத்தைந்து அடி உயரத்தில் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் பதற்றம் போய்விடுகிறது. குழாய் என்ன செய்தது? முகம் தெரிந்த ஒருவரிடமிருந்து எடுத்து முகம் தெரியாதவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. மேலே காற்றில் கலந்து மெலியும், உண்மை. மெலிவது வேறு, இல்லாமல் போவது வேறு.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. அன்றைய கணக்கில் நாலாயிரம் பேர் இறந்தார்கள், பிந்தைய ஆய்வுகள் பன்னிரண்டாயிரம்வரை சொல்கின்றன. தொழிற்சாலைகளோடு சேர்ந்து அந்தப் புகையை உண்டாக்கியவை லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, நகரங்களில் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. எங்கள் தெருவும் அப்படியொரு பகுதியில்தான் இருக்கிறது. திறந்த கணப்பில் விறகு எரிக்கக்கூடாது. ஆனால் விலக்குப் பெற்ற அடுப்பில் எரிக்கலாம். விறகின் ஈரம் இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என்னிடம் இரண்டு ஊசி வைத்த ஈரமானி இருக்கிறது, ஒவ்வொரு கட்டையையும் குத்திப் பார்க்கிறேன். பழைய திறந்த கணப்போடு ஒப்பிட்டால் என் அடுப்பு விடும் துகள் எவ்வளவோ குறைவு. கேஸ் பாய்லரோடு ஒப்பிட்டால் எவ்வளவோ அதிகம். விற்கிறவர்கள் எப்போதும் முதல் ஒப்பீட்டைத்தான் சொல்வார்கள்.

என் ஒருவன் அடுப்பால் யாருக்கு என்ன ஆகிவிடும்? இந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டபோது அதில் கேள்வியே இல்லை, தப்பிக்கும் வழிதான் இருந்தது. டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய நூலில் ஒரு கற்பனை வரும். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவனும் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அது ஆயிரம் கைதிகளின் வலியையும் உணரவே முடியாத மிகச்சிறிய அளவு கூட்டுகிறது. எல்லாரும் அழுத்தி முடித்ததும் ஆயிரம் பேரும் துடிக்கிறார்கள். எந்த ஒருவனையும் பிடித்துக் கேட்டால், "நான் அழுத்தியதை எந்தக் கைதியாவது உணர்ந்தானா?" என்பான். உணரவில்லைதான். அப்படியானால் இந்த வலியை யார் கொடுத்தது? தனித்தனியாகப் பார்த்தால் குற்றவாளி யாருமில்லை, சேர்த்துப் பார்த்தால் குற்றம் கண்முன் கிடக்கிறது. செயலைத் தனியாகப் பிரித்து எடைபோடுவதில்தான் பிழை என்கிறார் பார்ஃபிட்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தத்துவமே தேவைப்பட்டிருக்கக்கூடாது. 2005 ஆகஸ்ட்டில் நான் கிள்ளானில் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். காற்று மாசுக் குறியீடு ஐந்நூறைத் தாண்டிப் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். எதிர்வீடு தெரியாது. அம்மா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி சொருகிவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்தே இருமுவார், படுத்தால் மூச்சு முட்டும். சுமத்ராவில் எரிப்பவர்களை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. அங்கேயும் ஒருவன் தன் அரை ஏக்கரில் காய்ந்த புதரைக் கொளுத்திவிட்டு, என் ஒருத்தன் நெருப்பு கடல்தாண்டியா போகப்போகிறது என்றுதான் நினைத்திருப்பான். அவனுக்காவது அடுத்த போகத்துக்கு நிலம் வேண்டும். பெரிய தோட்டங்களைப் பற்றி இங்கே பேசவில்லை, அவற்றின் கணக்கு வேறு, அதில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடும் இருந்தது. நான் சொல்வது அந்த அரை ஏக்கர்க்காரனை. பதினாறு வயதில் நான் சபித்த மனிதனைவிடப் பலவீனமான காரணத்தோடு, முப்பது தாண்டிய வயதில், ஷெஃபீல்டில் தீக்குச்சியோடு நிற்கிறேன்.

ஆனால் இந்த வாதம் நிற்காமல் ஓடக்கூடியது என்பதும் தெரியும். கிள்ளானுக்கு வருடம் ஒருமுறை விமானத்தில் போகிறேனே? வீட்டில் கறி வறுத்தாலும் துகள் எழுகிறதே? அடுத்தவர்மேல் எதுவும் படாமல் வாழவேண்டும் என்றால் மூச்சே விடக்கூடாது. பக்கத்தில் வாழ்வது என்றாலே ஒருவர் புகையை ஒருவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்வதுதான். லயத்தில் அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்தார். அடுத்த வீட்டுப் புகைக்காக அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஏனென்றால் அந்த வீட்டிலும் சோறுதான் வெந்தது. தேவை இருக்கும்போது புகைக்கு ஒரு பரஸ்பரம் இருக்கிறது, இன்று உன் புகை எனக்கு, நாளை என் புகை உனக்கு. என் கணப்பில் அந்தப் பரஸ்பரம் இல்லை. தெருவில் எல்லாரும் பாய்லருக்கு மாறிய பிறகு, அவர்கள் சுத்தப்படுத்தி வைத்த காற்றில் நான் மட்டும் கனவு காண்கிறேன். கடந்த இரண்டு குளிர்காலத்தில் பதினொரு முறை எரித்திருக்கிறேன். அம்மா எத்தனை முறை எரித்தார் என்று அவரும் எண்ணவில்லை, யாரும் எண்ணவில்லை. நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

பதினொன்றில் முதலாவதை மட்டும் சொல்கிறேன். நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். பெரியவரிடம் முன்கூட்டியே கேட்கப் போயிருந்தேன். நுரையீரல் கெட்டவர் ஆயிற்றே, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடலாம் என்று ஒரு மனம், சொல்லாமலிருக்க வேண்டுமே என்று இன்னொரு மனம். அவர், "எரி தம்பி, எரி. நானும் வந்து உட்காருறேன்," என்றார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சலுகை நிலக்கரி உண்டு. லாரி வந்து வாசல் தெருவில் மலையாகக் கொட்டிவிட்டுப் போகும், பிள்ளைகள் வாளியில் சுமந்து உள்ளே சேர்க்க வேண்டும். அப்பாவின் கரியை அவர் சுமந்தார், பிறகு அவருடைய கரியை அவர் பிள்ளைகள் சுமந்தார்கள். தன் நெஞ்சைத் தின்ற பொருளைப் பற்றி அவர் அத்தனை ஆசையாகப் பேசினார். எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. பாதிக்கப்படுபவரே சரி என்ற பிறகு என்ன? ஆனால் ஏக்கத்தோடு தருகிற சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொருத்தியவர் கற்றுக்கொடுத்தபடி பெரிய கட்டைகளை அடியிலும் சுள்ளியை மேலேயும் அடுக்கி, உச்சியில் பற்றவைத்தேன். அப்படிச் செய்தால் புகை குறைவு. கிள்ளானில் இரவு எட்டு மணி. வீடியோவில் அம்மா.

"என்னாய்யா தலகீழா பத்த வைக்கிற?"

"இதுக்கு இப்படித்தாம்மா."

சுள்ளி படபடத்தது, பிறகு கட்டை பிடித்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தழல் மெதுவாக, அவசரமில்லாமல் ஆடியது. அழகாக இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அன்றும் இன்றும். பெரியவர் இரண்டு கையையும் நீட்டிக் காய்ந்தார். யாரும் பேசவில்லை. பிறகு அவர் இருமத் தொடங்கினார். அடியிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, சீழ்க்கை ஒலியோடு முடிகிற இருமல். எனக்குத் தெரிந்த இருமல்.

"யாருய்யா அது இருமுறது?"

"பக்கத்து வீட்டுத் தாத்தாம்மா."

"அவர எதுக்கு உள்ள ஒக்கார வச்ச? புகை ஆகாதே."

"கதவு மூடியிருக்கும்மா. ரூமுக்குள்ள புகை வராது."

"வராதா? அப்ப எங்க போவுது?"

போனைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து தெருவின் மறுபக்கம் நின்று பார்த்தேன். எங்கள் புகைபோக்கியிலிருந்து மெல்லிய நீலமாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குப் புகை எழுந்து, நேராகப் போகாமல் சரிவுப்பக்கம் சாய்ந்தது. ஷெஃபீல்டு மலைமேல் கட்டிய ஊர். மேல்தெரு வீடுகளின் தரைத்தளம் கிட்டத்தட்ட எங்கள் கூரை உயரத்தில் தொடங்குகிறது. எங்கள் புகைபோக்கியின் வாய்க்கு நேர் எதிரே, அதே உயரத்தில், ஒரு வீட்டின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை வெளியே வந்து ஜன்னலை இழுத்துச் சாத்தியது.

"என்னாய்யா, லைன்ல இருக்கியா? எங்க போவுதுன்னு கேட்டேனே," என்றார் அம்மா.